கணைய அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் வீட்டாருக்கு: தையல், கசிவு, ஆவணம், செலவு

சென்ற ஆண்டு சித்திரையில் என் அம்மாவின் கண்கள் மஞ்சளாயின. ஆவணி முதல் வாரத்தில்தான் அவருடைய வயிற்றிலிருந்து கடைசிக் குழாயை எடுத்தார்கள். இடைப்பட்ட நான்கு மாதங்களில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு எத்தனை முறை வந்து போனோம் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் அவற்றில் எந்தெந்தப் பயணம் வீணானது என்பது நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சான்றிதழ்களோடும் முத்திரைகளோடும் பழகும் நானே திண்டாடிப்போனேன். அந்த வீண் அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பித்தக்குழாயை அடைத்த ஒரு புற்றுக்கட்டிக்காக அம்மாவுக்கு நடந்தது விப்பிள் அறுவை சிகிச்சை. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சிய கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியே தைத்து இணைப்பார்கள். மூன்று இணைப்புகளில் கணையத் தையல்தான் சண்டிமாடு. அது ஒழுகினால், சோற்றையும் கறியையும் செரிக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் பரவி உடம்பின் சதையையே அரிக்கத் தொடங்கும். நான் மருத்துவன் அல்லன். மருந்தின் அளவை என்னிடம் தேடாதீர்கள். வீட்டார் கையில் இருக்கும் வேலைகளை மட்டும் வரிசைப்படுத்துகிறேன்.

1. கீழாநெல்லியோடு நின்றுவிடாதீர்கள்

எங்கள் பக்கம் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். நாங்களும் கொடுத்தோம், மூன்று வாரம் போயிற்று. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறம், மலம் மட்டும் களிமண் போல் வெளுத்திருந்தது. இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் அது கல்லீரல் அழற்சிக் காமாலையாக இல்லாமல், பித்தக்குழாயை ஏதோ ஒன்று அடைத்திருக்கும் காமாலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அன்றைக்கே ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள். சாதாரண வயிற்று சி.டி. வேறு, கணையத்துக்கென்று நேரம் கணக்கிட்டு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வேறு. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று ஸ்கேன் மையத்தில் காட்டிக் கேளுங்கள். அறிக்கைத் தாளோடு திரும்பிவிடாதீர்கள். படங்கள் அடங்கிய சிடியையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒரு மையத்தில் அறிக்கையும் நான்கு பிலிமும் மட்டுமே தந்தார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கட்டி ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்று இதில் தெரியாது என்றார். மையத்துக்குத் திரும்பிப் போனால் பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை எடுக்க 7,000 ரூபாயும் நான்கு நாளும் கூடுதலாகச் செலவாயின.

அடைப்பைத் தாண்டிப் பித்தம் இறங்கப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைப்பதாக இருந்தால், இந்த சி.டி.யை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்தால் அதன் நிழலும் அதனால் ஏற்படும் வீக்கமும் படத்தைக் குழப்பும்.

2. எங்கே செய்வது என்று முடிவெடுத்தல்

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில், நம் ஊர்ப் பேச்சில் பெரியாஸ்பத்திரியில், குடல் இரைப்பை அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறை இருக்கிறது. தனியாரிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பொது அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் எத்தனை கைராசிக்காரராக இருந்தாலும், இந்த அறுவையை ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்பவரிடம் போகாதீர்கள். அதிகம் செய்யும் இடங்களில் உயிரிழப்பு குறைவு என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அதற்கு அறுவை செய்பவரின் கை மட்டும் காரணமில்லை. ஒழுகியபின் காப்பாற்றும் ஏற்பாடும் அங்கே இருக்கும்.

ஆகவே பேசப் போகும்போது நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இங்கே மாதத்துக்கு எத்தனை விப்பிள் நடக்கிறது? கசிவு வந்து உள்ளே நீர் தேங்கினால், மறுபடி வயிற்றைத் திறக்காமல் ஸ்கேன் பார்த்தபடி ஊசி வழியே குழாய் விடுபவர் இங்கேயே இருக்கிறாரா? இரவில் ரத்தக் கசிவு வந்தால் ரத்தக்குழாய் வழியே சென்று அடைக்கும் வசதி இங்கே உண்டா, இல்லை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவீர்களா? தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் யார் இருப்பார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்த ஓர் இடத்தை விட்டு நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ‘நூற்றுக்கு நூறு ஒழுகாது’ என்று சொன்ன இன்னோர் இடத்தை விட்டும்தான். கவனிக்க வேண்டிய அளவிலான கசிவு, நல்ல கைகளிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது. வராது என்பவர் ஒன்று எண்ணவில்லை, அல்லது சொல்லவில்லை.

நாங்கள் விசாரித்த தனியார் இடங்களில் மூன்றரை லட்சத்திலிருந்து ஆறு லட்சம் வரை சொன்னார்கள். மதிப்பீட்டைத் தாளில் வாங்குங்கள். அதில் எத்தனை நாள் தங்கல் அடக்கம், கசிவினால் நாள் நீண்டால் அன்றாடம் எவ்வளவு என்ற இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பத்து நாள் என்று போட்ட மதிப்பீடு இருபத்தைந்து நாளானால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் நகையை எப்போது அடகு வைப்பது என்று திட்டமிட முடியும்.

3. காப்பீட்டு அட்டையும் பெயரில் ஒரு ‘ள்’ எழுத்தும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நான் சம்பளக்காரன் என்பதால் எங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் தனிக் குடும்ப அட்டையில் தனியே வாழ்பவர்கள், அவர்கள் வருமானம் வரம்புக்குள்தான் என்பதை எடுத்துச் சொன்னவர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகள்.

வேண்டிய ஆவணங்கள் மூன்றே: குடும்ப அட்டை, குடும்பத்தில் உள்ள அனைவரின் ஆதார், வருமானச் சான்றிதழ். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறிப் போகும். இணையத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது ஓரிடத்தில் உறங்கும். விண்ணப்ப எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, நோயாளியின் ஸ்கேன் அறிக்கை நகலையும் காட்டுங்கள். எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நோய் உறுதியாகும்வரை காத்திருக்காமல், அடைப்புக் காமாலை என்று தெரிந்த அன்றே விண்ணப்பித்திருந்தால் அந்த ஒன்பது நாளும் மிச்சமாகியிருக்கும்.

சான்றிதழோடு குடும்பத்தினர் நேரில் சென்று பதிய வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையம். அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். திங்கள்கிழமை போகாதீர்கள்; அன்று குறைதீர் நாள், மாவட்டமே மனுவோடு வந்து நிற்கும். நாங்கள் திங்கள்கிழமைதான் போனோம். அதைவிடப் பெரிய பிழை, ஆதாரில் அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்று முடிகிறது, குடும்ப அட்டையில் ‘அம்மா’ என்று முடிகிறது என்பதை வரிசையின் முனையில் நின்றபோதுதான் கண்டோம். பள்ளியில் மாணவர்களின் மாற்றுச் சான்றிதழில் இதே பிழையை ஆயிரம் முறை திருத்தியவன் நான். சொந்த வீட்டு அட்டையைப் பார்த்ததில்லை. இன்றைக்கே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த ஆண்டு, தலைப்பெழுத்து மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்டை கையில் வந்தால் மட்டும் போதாது. மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில், அதுவும் இந்தச் சிகிச்சைக்கு, இருக்க வேண்டும். அறுவைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு சி.டி. அறிக்கை, எண்டோஸ்கோபி, திசுப் பரிசோதனை இருந்தால் அது, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் அனுப்பப்படும். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பணியாளரிடம் இரண்டு செட் நகல் கொடுத்து, அனுப்பிய தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் ஒப்புதல் பெற்றபின் அதே சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். நான் ஒருமுறை பேசினேன். பேசப்போகிறேன் என்று சொன்னதுமே பாதி வேலை நடந்துவிட்டது.

4. அறுவைக்கு முந்தைய வாரங்கள்

காமாலை இருந்தாலே ஸ்டென்ட் வைத்து இறக்கிவிட்டுத்தான் அறுவை என்பதில்லை. தேவையில்லாமல் வைத்தால் தொற்று வர வாய்ப்புண்டு. ரத்தத்தில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் மிக அதிகமாக இருந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, அறுவைக்குப் பல வாரம் ஆகும் என்றாலோ வைப்பார்கள். எங்களுக்குக் கீழாநெல்லியும் ‘ள்’ எழுத்தும் சேர்ந்து தின்ற நாள்களால் வைக்க வேண்டியதாயிற்று. ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்கலாம், அது தப்பில்லை.

பித்தம் குடலுக்கு இறங்காதபோது வைட்டமின் கே உடம்பில் சேராது; ரத்தம் உறைவது மந்தப்படும். அதற்கு ஊசி போடுவார்கள். வெற்றிலை, புகையிலையை அன்றே நிறுத்த வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கும். அறுவைக்குப் பிறகு கொடுத்தால் வலியில் ஊத மாட்டார்கள், முன்பே பழக்குங்கள். ரத்தம் கொடுப்பவர் மூன்று பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

எங்களுக்குக் கிடைத்த நாள் ஆடி 2. ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று சித்தப்பா வீட்டில் ஒரே பிடிவாதம். ஸ்டென்ட் ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் அடைத்துக்கொண்டு மறுபடி காய்ச்சல் வரலாம் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்னொரு தேதி விஷயம்: அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதை ஒட்டிய நாள்களிலும் கோரிப்பாளையம் வழியே வண்டி போகாது. பரிசோதனைக்கோ ஊசிக்கோ அந்த நாளில் வரச்சொன்னால் தேதியை மாற்றிக் கேளுங்கள்.

5. தையல்: என்ன கேட்பது, எதைக் கேட்டுப் பயனில்லை

அம்மா முப்பது ஆண்டு வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்தவர். அறுவைக்கு முந்தின நாள் ஒப்புதல் கையெழுத்து வாங்க வந்த நிபுணரிடம், “என்ன தையல் தம்பி போடுவீங்க?” என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, உணவுச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் முறை, கணையத்தின் நடுவே ஓடும் குழாயைச் சிறுகுடலில் போட்ட சிறு துளையோடு நேருக்கு நேர் சேர்த்துத் தைப்பது. குழாயின் அகலம் சிலருக்கு 5 மில்லிமீட்டர் இருக்கும், சிலருக்கு 2 கூட இருக்காது. அதைச் சுற்றி 5-0 அல்லது 6-0 நூலில் சில தையல்கள். பிறகு கணையத்தின் வெட்டுமுகத்தைக் குடலின் வெளிச்சுவரோடு ஒட்டிப் பிடிக்க வெளித்தையல் ஒரு வரிசை. இந்த எண்களைக் கேட்டதும் அம்மா, “நூல் நம்பர் மாதிரியா, ஏற ஏற மெலிசா?” என்றார். ஆம், அதேதான்: 5-0 ஐவிட 6-0 மெல்லியது. நூற்பாலை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை, கணையத்தின் வெட்டிய முனையைக் குடலின் வாய்க்குள் உறை போட்டதுபோல் செருகிச் சுற்றித் தைப்பது. குழாய் மிகவும் சிறியதாக இருந்தால் இதை விரும்புவோர் உண்டு. மூன்றாவது, புளூம்கார்ட் முறை. கணையத்தின் ஓரத்தைக் குத்தி இழுக்காமல், அதன் முழுக் கனத்தையும் ஊடுருவி மறுபக்கம் வந்து குடலைப் பிடித்துத் திரும்பும் லாட வடிவத் தையல்கள் சிலவற்றைப் போட்டு, முடிச்சு கணையத்தின் மேல் விழாமல் குடலின் மேல் விழும்படி கட்டுவது. சிலர் குடலுக்குப் பதிலாக இரைப்பையின் பின்சுவரோடு இணைப்பதும் உண்டு. எந்த முறையானாலும், கணையக் குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றை வைத்துத் தையல் ஆறும்வரை நீரை வழிநடத்துவோரும் இருக்கிறார்கள்.

இத்தனை முறைகள் இருப்பதற்குக் காரணம், எதுவும் மற்றொன்றை ஐயமின்றி வென்றுவிடவில்லை என்பதே. ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறாகவே முடிந்திருக்கின்றன. ஆகவே ‘இந்தத் தையல்தான் போட வேண்டும்’ என்று இணையத்தில் படித்துவிட்டுப் போய் வாதாடாதீர்கள். தனக்குப் பழகிய முறையை மாற்றிக்கொண்டு உங்களுக்காக ஒருவர் புதிய முறையில் தைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை.

கணையம் எப்படி இருக்கிறது என்பது தையல் முறையைவிடப் பெரிய விஷயம். நாள்பட்ட அழற்சியாலோ கணையப் புற்றாலோ இறுகிய கணையம் நூலைத் தாங்கும், குழாயும் விரிந்திருக்கும். அம்மாவின் கட்டி கணையத்தில் இல்லை; பித்தக்குழாயும் கணையக் குழாயும் குடலில் திறக்கும் முகப்பில் இருந்தது. புற்று என்ற வகையில் அது ஓரளவு நல்ல செய்தி, தையல் என்ற வகையில் கெட்ட செய்தி. கணையம் நோயுறாமல் மிருதுவாக இருந்தது. குழாய் 2 மில்லிமீட்டர். மிருதுவான கணையம், 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய், அறுவையில் ரத்த இழப்பு, உடல் பருமன் ஆகியவை கசிவுக்கு வழிவிடும் காரணங்கள். “நைந்த வாயில் துணியில கூர்ஊசி போட்டாப்ல, இழுத்தா தையல் ஓட்டை வழியே பிரியும்; இழுக்காட்டி வாய் திறக்கும்” என்று அம்மா சொன்னதும் அந்த நிபுணர், பயிற்சி மருத்துவர்களைப் பார்த்து, கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். முடிச்சை இறுக்கினால் சதை அறுந்துவிடும், ரத்த ஓட்டமும் நின்றுவிடும். தளர்த்தினால் நீர் வெளியேறும்.

நூலும் கணைய நீரைத் தாங்க வேண்டும். விரைவில் கரையும் நூலை அந்த நீர் முன்னதாகவே அரித்துவிடும் என்பதால், பல வாரம் வலுவோடு இருந்து பிறகு மெல்லக் கரையும் பி.டி.எஸ். போன்ற நூலையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து வாங்கிவரச் சொல்லிச் சீட்டுத் தந்தால், எழுதிய பெயரும் எண்ணும் எழுத்துப் பிசகாமல் வாங்குங்கள். கடைக்காரர் ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று வேறு நூலைத் தந்தால் வாங்காதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அறுவை முடிந்து நிபுணர் வெளியே வரும்போது நீங்கள் கேட்க வேண்டியவை: கணையம் மிருதுவா இறுகலா? குழாய் எத்தனை மில்லிமீட்டர்? உள்ளே குழல் வைத்திருக்கிறதா? வடிகுழாய் எத்தனை, எது எந்தத் தையலின் அருகே? ரத்தம் எவ்வளவு போயிற்று? பதிலைத் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் வேறொரு மருத்துவர் இரவில் வந்து பார்க்கும்போது இந்த ஐந்து வரி உதவும். எங்களுக்கு உதவியது.

6. அறுவை நாள்

காலை எட்டு மணிக்கு உள்ளே போனார். மாலை மூன்றரைக்கு வெளியே வந்தார். ஐந்து முதல் எட்டு மணி நேரம் இயல்பே. ஒரு மணி நேரத்திலேயே கூப்பிட்டால் கலங்கிப்போவீர்கள். கட்டி பரவியிருப்பதைக் கண்டு எடுக்காமல் மூடுவதும் உண்டு என்பதை வீட்டில் ஒருவருக்காவது முன்பே சொல்லி வையுங்கள். கையெழுத்துப் போடத் தகுந்த ஒருவர் கதவருகே இருக்க வேண்டும்; எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போகாதீர்கள்.

7. வடிகுழாய் நோட்டு

வார்டில் இதை ட்ரெயின் என்பார்கள். வயிற்றின் பக்கவாட்டில் துளையிட்டு, தையலுக்கு அருகே முனை இருக்கும்படி வைத்த குழாய். வெளியே ஒரு பை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்குங்கள். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, என்ன நிறம், என்ன நாற்றம், அந்நேரத்துக் காய்ச்சலும் நாடித்துடிப்பும். செவிலியரும் எழுதுவார், ஆனால் பணி மாறும்போது ஒரு பை எண்ணப்படாமலே கொட்டப்படுவதை நான் இருமுறை பார்த்தேன். நீங்களாகக் கொட்டாதீர்கள், அவர் கொட்டும்போது உடனிருந்து அளவைக் கேளுங்கள்.

முதல் இரண்டு நாள் ரத்தம் கலந்த நீர், பிறகு வைக்கோல் நிற நீர்: இது இயல்பான போக்கு. பச்சையாக வந்தால் பித்தத் தையலைப் பற்றிக் கேட்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கிச் சாம்பல் நிறமாக வந்தால் கணையத் தையலை ஐயப்பட வேண்டும். நிறம் மட்டும் போதாது. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ குழாய் நீரில் அமைலேஸ் என்ற கணையச் செரிமானப் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்துக்கு அந்த ஆய்வகம் வைத்திருக்கும் மேல்வரம்பின் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு எனக் கொள்வார்கள். மேல்வரம்பு 100 என்றால் 300. அம்மாவுக்கு மூன்றாம் நாள் 1,850.

இங்கே ஒரு பொறி. மாதிரி சீட்டில் ‘குழாய் நீர்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, எந்தக் குழாய் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஐந்தாம் நாள் மாதிரியை ஆய்வகத்தில் ரத்தம் என்று பதிந்துவிட்டு, மாதிரி தவறு என்று திருப்பி அனுப்பினார்கள்; ஒரு நாள் போயிற்று. வெளி ஆய்வகத்தில் ஒருமுறைக்கு 450 ரூபாய் ஆனது. அறிக்கைகளைத் தேதி வரிசையில் நோட்டின் பின்னட்டையில் ஒட்டினேன்.

அளவு குறைவாக வந்தால் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். நெடுநாள் வைத்தால் அதுவே தொற்றுக்கு வாசல் ஆகும். எடுத்தால் பயப்படாதீர்கள், எடுக்காவிட்டாலும் பயப்படாதீர்கள்.

8. கசிவு வந்துவிட்டால்

முதலில், எல்லாக் கசிவும் ஒன்றல்ல. எண் மட்டும் கூடி, நோயாளி நன்றாக இருந்து, சிகிச்சையில் மாற்றம் எதுவும் தேவைப்படாவிட்டால், அதை ஆய்வகக் கசிவு என்று விட்டுவிடுவார்கள். குழாய் மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டியிருந்தாலோ, தேங்கிய நீரை எடுக்கப் புதிய குழாய் விட நேர்ந்தாலோ அது ‘பி’ நிலை. மறுபடி அறுவை, உறுப்புச் செயலிழப்பு என்று போனால் ‘சி’ நிலை. அம்மா ‘பி’. ஏழாம் நாள் மாலை காய்ச்சல் 101, சி.டி.யில் இரைப்பைக்குப் பின்னால் நீர் தேக்கம். ஸ்கேன் பார்த்தபடி முதுகுப் பக்கமாக இன்னொரு குழாய் விட்டார்கள். இரண்டாம் கேள்வியை முன்பே கேட்டு இடத்தைத் தேர்ந்ததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

இப்படிப்பட்ட கசிவுகளில் பெரும்பாலானவை மறு அறுவை இல்லாமல், வடிய விட்டு, தொற்றுக்கு மருந்து கொடுத்து, ஊட்டம் கொடுத்தாலே நாளடைவில் மூடிவிடும். ஊட்டம் என்பது சாதாரண வேலையில்லை. இரைப்பை பல நாள் வேலை செய்யாமல் அடம்பிடிக்கும். மூக்கு வழியேயோ வயிற்றுச் சுவர் வழியேயோ சிறுகுடலுக்குள் விட்ட குழாயில் திரவ உணவு போகும். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து அந்தக் குழாயில் விடாதீர்கள். திப்பி அடைத்தால் குழாயை மாற்ற மறுபடி எண்டோஸ்கோபி. ஆக்ட்ரியோடைடு என்ற ஊசி கணைய நீரைக் குறைக்க எழுதப்படலாம். எல்லா மருத்துவரும் இதில் ஒரே கருத்தினர் அல்லர், விலையும் கடிக்கும். திட்டத்தில் அடக்கமா என்று முதல் ஊசிக்கு முன் கேளுங்கள்.

குழாயைச் சுற்றியுள்ள தோலில் நீர் பட்டால் வெந்ததுபோல் ஆகிவிடும். துணியை ஈரத்தோடு விடாமல் மாற்றி, துத்தநாகக் களிம்பைத் தடவச் சொன்னார்கள். அது தாமதமாகவே தெரிந்தது, தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

கீழே வருவதை மட்டும் வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள். கசிவு உள்ளவருக்கு வடிகுழாயிலோ, வாந்தியிலோ, மலத்திலோ, எத்தனை சிறிதாக இருந்தாலும், புதிதாக ரத்தம் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. கணைய நீர் அருகில் உள்ள ரத்தக்குழாயின் சுவரை அரிக்கும். சிறிது வந்து நின்றுவிட்டு, சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பெருக்கெடுக்கலாம். நின்றுவிட்டதே என்று தூங்கப் போகாதீர்கள். வார்டில் இருந்தால் பணி மருத்துவரை எழுப்புங்கள். வீட்டில் இருந்தால் 108 ஐ அழைத்து, அறுவை நடந்த மருத்துவமனைக்கே போங்கள்.

9. வீட்டுக்குப் போகும்போது

அம்மா இருபத்திரண்டாம் நாள் ஒரு குழாயோடே வீடு திரும்பினார். வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) என்ன தையல் முறை, கணையத்தின் தன்மை, கடைசி அமைலேஸ், குழாயை எப்போது பார்க்க வேண்டும் ஆகியவை இருக்கின்றனவா என்று கிளம்புமுன் படியுங்கள். எங்கள் தாளில் ‘நலமாக அனுப்பப்பட்டார்’ என்று மட்டும் இருந்தது. குழாய் இருந்ததாகவே எழுதவில்லை. திருப்பிக் கொடுத்து எழுதி வாங்க இரண்டு மணி நேரம் ஆனது, ஆட்டோக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

திசுப் பரிசோதனை அறிக்கை தனியாக வரும். அதை வாங்க ஒருவர் போயே ஆக வேண்டும். வெட்டிய விளிம்பில் புற்றணு இருக்கிறதா, நிணநீர் முடிச்சு எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் நோய் என்பவற்றைப் பார்த்தே மேற்கொண்டு கீமோ மருந்து சிகிச்சை தேவையா என்று முடிவெடுப்பார்கள். கசிவால் உடல் தேறத் தாமதமானால் அந்தச் சிகிச்சையும் தள்ளிப்போகும். ஆகவே ஊட்டத்தில் சுணங்காதீர்கள்.

சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை எழுதுவார்கள். சாப்பாட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் விழுங்க வேண்டும், முடிந்தபின் அல்ல; மென்று தின்னக் கூடாது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அளவு போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. எங்கள் வார்டில் இருந்த கோரிப்பாளையத்துப் பாய் ஒருவர் இதை அறிந்து நிறுத்திவிட்டார். மருத்துவரும் அவர் நம்பும் ஆலிம் ஒருவரும் பேசியபின் தொடர்ந்தார். முன்பே சொல்லிவிடுவது நல்லது. எங்களுக்கு மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய் ஆகிறது, இதைத் திட்டத்தில் வாங்க முடியவில்லை. சர்க்கரை இதற்குமுன் இல்லாதவருக்கும் வரலாம். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

எங்கள் கைக்காசுக் கணக்கு: ஒப்புதலுக்கு முந்தைய பரிசோதனைகள் 31,000, இரண்டாம் சி.டி. 7,000, உடனிருந்தோர் சாப்பாடும் அறை வாடகையும் 26,000, திட்டத்தில் அடங்காத மருந்துகள் 19,000, வீட்டில் ஒரு மாதம் துணி, களிம்பு, பை 4,500.

முப்பத்துமூன்றாம் நாள் வெளிநோயாளர் பிரிவில் குழாயை எடுத்தார்கள். அரை நிமிட வேலை. மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்கச் சொல்லி உருவினார்கள். அம்மா குனிந்து அந்தத் துளையைப் பார்த்து, இதற்குத் தையல் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், தைத்தால் உள்ளே நீர் தங்கும், தானாகவே மூடட்டும் என்று சொல்லி மடித்த துணியை வைத்து ஒட்டினார்கள். நாளுக்கு இருமுறை துணியை மாற்றினோம். நான்காம் நாள் துணி உலர்ந்திருந்தது. ஒரு வாரம் கடந்தும் துணி நனைந்துகொண்டே இருந்தாலோ, நனைவது நின்றபின் காய்ச்சல் வந்தாலோ, அடுத்த முன்பதிவு நாளுக்குக் காத்திருக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.